பால்காரரின் மப்ளர்

ஈறு நோய்க்காகப் பல் டாக்டரிடம் பல்லை ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டு வந்து, குன்னூர் வீட்டில் ஆறிய கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பால்காரர் வெயில் நாளிலும் மூக்குவரை மப்ளர் சுற்றியிருப்பார். அதிகம் பேசாதவர். அன்று பாலை ஊற்றிய பிறகும் நகராமல், லேசாக வீங்கியிருந்த என் வாயையே பார்த்தார்.

“ஏனுங்கக்கா, எத்தன பல்லு புடுங்குனாங்க?”

தெருவெல்லாம் சொல்லத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. “உங்களுக்கு எதுக்குங்க அது?” என்று கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாளும் நின்றார். “ரத்தம் நின்னுருச்சுங்களா?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மப்ளரை இறக்கினார். ஈறெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

“போனா எல்லாத்தயும் புடுங்கிருவாங்கன்னு பயமுங்க.”

“ஒண்ணுகூடப் புடுங்கலீங்க. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணாங்க. அவ்வளவுதான்.”

“நெசமாத்தானுங்களா?”

அவர் நம்பவில்லை. ஃபோட்டோவுக்குக்கூடப் பல் தெரியச் சிரிக்காத நான், உதட்டை விலக்கி எல்லாப் பல்லையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். மப்ளரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் அந்த மப்ளர் இறங்கவில்லை. டாக்டரிடம் போனாரா என்று கேட்க எனக்குக் கூச்சம். பால் வாங்கும்போது இப்போது நான்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.