திங்கட்கிழமை இளைப்பு

கட்டின வேட்டியோடு கடையத்திலிருந்து தென்காசிக்கு வந்தவர் இசக்கியப்பன். சிபாரிசுக்கு ஒரு நாதி கிடையாது. பத்தே வருஷத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், பருத்தி அரவை ஆலையில் மேஸ்திரி ஆகிவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சத்தத்தை வைத்தே எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். படித்தவன் எவனாவது சொல்லட்டுமே, பார்ப்போம்!

அந்த ஆலைக் கொட்டகையை நினைத்தால் சோறு இறங்காது. எந்திரம் பருத்தியைக் கடித்துத் துப்பும் தூசி கூரையில் ஒட்டடையாய்த் தொங்கும், கஞ்சியில் ஆடையாய் மிதக்கும். காறித் துப்பினால் சளி சாம்பல் நிறத்தில் நூல் நூலாய் வரும். அந்த நரகத்தில்தான் அவர் மனைவி ரெங்கம்மாளும் பருத்தியில் சருகு பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை வேலைக்கு வந்து கொஞ்ச நேரத்திலேயே எல்லாருக்கும் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கும். இளைப்பு, இருமல். செவ்வாய் தேவலை. சனிக்கிழமை மறந்தே போகும்.

காரணம் கண்டுபிடித்தவர் நம்ம இசக்கியப்பன்தான்.

"ஏலே, லீவுதாம்ல சீக்கு! ஒரு நா சும்மா கிடந்தா கெணத்து உருளையே துருப்பிடிக்குது, நெஞ்சு பிடிக்காதா? ஞாயித்துக்கிழமையும் வாங்கல."

வந்தார்கள். திங்கட்கிழமை இளைப்பு நிஜமாகவே குறைந்தது.

"அண்ணாச்சி வைத்தியராப் போயிருந்தா நாமள்லாம் பொழைச்சிருப்போம்" என்றான் பொதி கட்டும் நம்பிராஜன். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு வருஷத்தில் ரெங்கம்மாளுக்குச் சனிக்கிழமையும் இளைத்தது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தே தூங்கினாள். அந்த ஆடியில் எஞ்சின் உடைந்து மூன்று வாரம் ஆலையை மூடினார்கள். இசக்கியப்பன் பதறிப்போனார். ஒரு நாள் லீவுக்கே அந்தப் பாடு, மூன்று வாரம் இவள் தாங்குவாளா? கூட ஆள் இருக்கட்டும் என்று குற்றாலத்தில் தங்கை மாடத்தி வைத்திருந்த பழக்கடைக்கு அவளைக் கூட்டிப்போனார்.

ஐந்தாம் நாள் ரெங்கம்மாள் பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். பத்தாம் நாள், பேரம் பேசியவனை அருவிச் சத்தத்துக்கு மேலே வைதாள்.

"இங்கேருங்க, சும்மாதான இருக்கேன். எங்க போச்சு உங்க லீவுச் சீக்கு?"

சீக்கு லீவால் இல்லை, அந்தத் தூசியால்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சாரலுக்கு வந்திருந்த முதலாளி ஆற்றங்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார் இசக்கியப்பன்.

"தூசிதாம்லே. டாக்டர் எனக்கு எப்பமோ சொல்லிட்டாரு. எம்மவன அந்தக் கொட்டகைப் பக்கம் விட்டிருக்கனா?" தொப்புளில் எண்ணெய் வழிய முதலாளி சிரித்தார். "ஒன் வைத்தியமே இருக்கட்டும். திங்கக்கிழமை எஞ்சின் ஓடும், ஒம் பெஞ்சாதியக் கூட்டிட்டு வந்துரு."

இந்த ஆள் வாயைத்தான் மூடிக்கொண்டிருந்தான். லீவுதான் சீக்கு என்று ஊரைக் கூட்டிச் சொன்னது இசக்கியப்பன் அல்லவா?

"அவ வரமாட்டா மொதலாளி. நானும் வரல."

"மேஸ்திரி வேலைலே! திரும்பக் கிடைக்குமா?"

"நெனச்சாலே வாந்தி வருது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை ஆலை வாசலில் நின்று எல்லாரிடமும் உண்மையைச் சொன்னார்.

நம்பிராஜன் சிரித்தான். "அன்னைக்கு லீவு சீக்குன்னீரு, இன்னைக்கு லீவு மருந்துங்கீரு. மொதலாளி வேலைய விட்டு வெரட்டிட்டாராக்கும்?"

சங்கு ஊதியது. ஒருத்தர் பாக்கியில்லாமல் உள்ளே போனார்கள்.

இசக்கியப்பன் புளியங்குடிக்குப் போய் எலுமிச்சை மூட்டை தூக்கினார். ஆறே வருஷத்தில் சொந்தக் கமிஷன் மண்டி. எவன் தயவும் இல்லை! ரெங்கம்மாள் படுத்துத் தூங்கினாள்; ஆனால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை, போன மூச்சு பாதிதான் திரும்பியது.

மண்டிக்கு வருகிறவர்களிடம் தாம் முன்னுக்கு வந்த கதையை இசக்கியப்பன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். கடையம், மேஸ்திரி வேலை என்று வந்து, அங்கிருந்து ஒரே தாவாய் எலுமிச்சைக்குத் தாவுவார்.

உள்ளேயிருந்து ரெங்கம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பாள்: "நடுவுல உள்ளத நான் சொல்லட்டுமா?"