கார்ப்பெட்டுக்குள் வந்த நோர்வேக்காரன்

மொன்றியலில் ஜூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் முதல்நாளோடு முடிந்துவிடுமாம். கொண்டுபோக மனமில்லாத சோபா, மேசை, மைக்ரோவேவ் எல்லாம் நடைபாதையில் நிற்கும், யாரும் எடுக்கலாம். வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. யாரோ புருஷன் பெண்சாதி சண்டையில் சாமானை எறிந்துவிட்டார்கள் என்று நினைத்து, கைபிடியும் சாய்மானமும் உள்ள ஒரு நல்ல கதிரைக்கு ஒரு மணித்தியாலம் காவல் நின்றேன். பேந்து, அடுத்தடுத்த வருடங்களில், தேறிவிட்டேன். வில்லரே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் ஜூலை முதலாம் தேதி பிறந்தவைதான்.

பிரஜாவுரிமைக்குக் காத்திருந்த வருடம் அகப்பட்டது ஒரு கார்ப்பெட் சுருள். தோளில் போட்டுக்கொண்டு நான்கு தெரு நடந்தேன். பாரம் கூடவாக இருந்தது. அசல் கம்பளியாக்கும் என்று என் கண்ணை நானே மெச்சினேன். குசினியில், அடுப்புக்கு முன்னால் விரித்தபோது உள்ளேயிருந்து குழாயும் விசையுமாக ஒரு நீளத் துவக்கு உருண்டுவந்து மனைவி ரஜனியின் காலடியில் நின்றது.

"இதென்ன?"

"துவக்கு."

"அது எனக்கும் தெரியும். இஞ்ச என்ன செய்யுது? திருப்பிக் கொண்டுபோய் வையுங்கோ!"

"வைக்கேக்க ஆரும் கண்டால்?"

"எடுக்கேக்க ஒருத்தரும் காணேல்லையோ?"

"எடுக்கேக்க அது கார்ப்பெட்டெல்லோ!"

இன்னும் ஒன்பது நாளில் எங்கள் இருவருக்கும் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம். வேட்டைத் துவக்கையும் பதிய வேண்டும் என்ற சட்டம் அமலில் இருந்த காலம். வழக்கு ஒன்று விழுந்தால் பிரஜாவுரிமையும் போய்விடும், டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் என் வேலையும் போய்விடும். பொலிசுக்குச் சொல்லலாம்தான். ஆனால் "கார்ப்பெட்டுக்குள்ள இருந்தது ஐயா" என்று ஒரு யாழ்ப்பாணத்தான் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

துவக்கை ஆராய்ந்தேன். பேர் இல்லை, இலக்கம் இல்லை, ஒரு முத்திரைகூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன், யுத்தத்துக்குள் வளர்ந்த நான் ஒரு துவக்கைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். எங்களுக்குத் துவக்குகளைக் காதால்தான் பழக்கம். மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு, இது ஆமியின்ரை, இது இயக்கப் பொடியளின்ரை, இது ஒன்றரை மைல், இது பக்கத்து ஒழுங்கை என்று சரியாகச் சொல்வோம். இதுவோ வாயே திறக்காமல் கிடந்தது.

ஊரில் ஆமி வருகிறான் என்றால் நாங்கள் என்ன செய்தோம்? படத்தை, கடிதத்தை, நகையைப் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்தோம். அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்தது. இருட்டில் கிண்டினால் சந்தேகப்படுவார்கள் என்று, அதிபுத்திசாலியாக, மறுநாள் பட்டப்பகலில் பின்வளவில் மிளகாய்க் கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒடுக்கமாக, நீளமாக ஒரு கிடங்கு வெட்டினேன். அருகில் கார்ப்பெட் சுருள்.

வேலிக்கு மேலால் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்தோன். எழுபது வயது, முன்னாள் மான் வேட்டைக்காரர். கிடங்கைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், வியர்வையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"பொன்ஜூர். மதாம் எங்கே?"

"உள்ளே."

"கொஞ்சம் கூப்பிடுகிறாயா?"

ரஜனி வெளியே வந்து கையசைத்த பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எதை மறைப்பது? சுருளை விரித்தேன். கஸ்தோன் பயப்படவேயில்லை. முதலில் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார்: "இது என்ன துவக்கு? நீ போரிலிருந்து வந்தவன்தானே?"

"சுட்டுக் காட்டினால் சொல்லுவன்" என்றேன். அவருக்கு இது பகிடியாகப் படவில்லை.

மற்றத் துவக்குகளில் வெடியைத் தட்டிவிடும் சுத்தியல் மேலே இருக்குமாம்; இதற்கு வயிற்றுப் பக்கத்தில் இருந்தது. வலப்பக்கத்துக் கைபிடியைச் சுழற்றினார். சின்ன அறையொன்று தலையைத் தூக்கியது. மருந்தையும் குண்டையும் அதற்குள் வைத்து மூடினால் ஒரே ஒரு வெடி. டோர்ச் அடித்துக் குழாய்க்குள் புரிபுரியாக ஓடிய வரிகளைக் காட்டினார். ஸ்கண்டிநேவியாதான் என்று முணுமுணுத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். படத்தில் அதே கைபிடி, அதே கீழ்ச்சுத்தியல். நோர்வே. நூற்றைம்பது வயதாவது இருக்கும். இராணுவத்துடையது என்றால் முத்திரை இருக்குமாம். இது யாரோ ஊர்க் கொல்லன் வேட்டைக்காரனுக்குச் செய்து கொடுத்ததாக இருக்கலாம் என்றார்.

"நோர்வேயோ!" என்றாள் ரஜனி. அந்த நாள்களில் எங்கள் ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். "அங்க சமாதானம், இஞ்ச துவக்கு. நல்ல ஆக்கள்!"

தோட்டாவே போட முடியாத, இவ்வளவு பழைய துவக்குக்குப் பதிவும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம் என்றார் கஸ்தோன். எனக்கு ஒருபக்கம் உயிர் வந்தது, மறுபக்கம் எரிந்தது. நான் இன்னார் என்று காட்ட என்னிடம் இரண்டு கோப்பு நிறையக் கடதாசி இருக்கிறது. பேரும் ஊரும் சொல்லாத இவனை மட்டும் கனடா ஒன்றும் கேட்காதாம்!

"நீங்களும் நூறு வருசம் முந்திப் பிறந்திருக்கலாம்" என்றாள் ரஜனி.

துவக்கைக் கஸ்தோனுக்கே கொடுத்தேன். அவருடைய வரவேற்பறைச் சுவரில் அது சுகமாக இருக்கிறது. ஒன்பதாம் நாள் நாங்களும் கையை உயர்த்திக் கனேடியர் ஆனோம்.

அந்தக் கிடங்கை மட்டும் நான் மூடவில்லை. ரஜனி முதலில் நாளுக்கொரு தரம் சொன்னாள். நானும் "பேந்து, பேந்து" என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் மண்வெட்டியோடு போய் நின்றேன்; ஊரில் போல நாளைக்கு எதைப் புதைக்க வேண்டி வருமோ என்று மண்ணைத் தள்ள மனம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ரஜனி பின்கதவில். "சரி, இருக்கட்டும்" என்றாள். இப்போது பனி கொட்டி வளவு ஒரே வெள்ளையாக, சமதரையாகக் கிடக்கிறது. குப்பை வாளியோடு போகும்போது இரண்டு பேரும் அந்த இடத்தில் மிதிக்காமல் சுற்றித்தான் போகிறோம்.