அரை டீச்சரும் மூன்று தாள்களும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரை டீச்சர் என்று பெயர். அரை நாள் வேலை, அரைச் சம்பளம், பட்டம் கிடையாது, ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று மட்டும். உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைக்கும் அறையில் ஜன்னலோரமாக ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். பட்டங்களைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் மாடியில், மின்விசிறிக்கு அடியில். காகிதம் அதிகம் வைத்திருப்பவனுக்கு மூளையும் அதிகம் என்று நம்புகிற உலகம் இது. நாலாம் வகுப்போடு நின்றவர்கள் சொந்தக் கையை ஊன்றி எழுந்து, அந்தப் பட்டதாரிகளுக்கே வேலை போட்டுக் கொடுத்த கதை எத்தனையோ உண்டு. சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளிடம் வந்தவர்கள் மந்தம் என்று மாடியில் கழித்துக் கட்டிய பிள்ளைகள். மந்தமெல்லாம் ஒன்றும் இல்லை. எழுத்தைப் பார்த்து ஒலியைப் பிடிப்பதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கிவிடும். வரியின் கடைசிக்கு வரும்போது முதல் வார்த்தை கைநழுவிப் போயிருக்கும். அரை டீச்சர் அவர்களை ஓட விடமாட்டாள். இரண்டு வரி படித்ததும் நிறுத்துவாள். மேஜைமேல் அழிரப்பர், பென்சில் மூடி, சாக்பீஸ் துண்டு கிடக்கும். அழிரப்பர் அம்மா என்றால் அம்மா, மூடி வீடு என்றால் வீடு. "இப்போ யாரு எங்க இருக்காங்க?" என்பாள். பிள்ளை அழிரப்பரை நகர்த்திக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்த இரண்டு வரிக்கே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இதற்கு மாடியில் விளையாட்டு என்று பெயர்.

தலைமையாசிரியருக்குப் படிப்பு என்றால் வேகம். கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, குதிரைப் பந்தயம் நடத்துகிறவர் மாதிரி வகுப்பு வகுப்பாகத் திரிவார். நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்பதுதான் அவர் அறிந்த ஒரே கேள்வி. படித்ததில் என்ன இருந்தது என்று அவரும் கேட்டதில்லை, அவரை யாரும் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பில் வெல்டிங் பட்டறைக்காரரின் மகள் ஒருத்தி இருந்தாள். நிமிடத்துக்கு முப்பத்து நாலு வார்த்தை. கல்வி அதிகாரி வந்து வைக்கும் வாசிப்புத் தேர்வில் மூன்று தாள் கதையை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால், மந்தப் பிள்ளைகளுக்கென்று ஊரின் மறுகோடியில் இருந்த தனிப் பள்ளிக்கு அவளை அனுப்பிவிடுவதாக முடிவாகியிருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். தாயும் வேலைக்குப் போகிறவள். யார் கூட்டிப்போவது என்று தகப்பன் வந்து கெஞ்சியதற்கு, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பதில் கிடைத்தது.

தேர்வன்று காலையில் அரை டீச்சருக்கே தைரியம் விட்டுப்போயிற்று. ஒன்றரை வருடம் சொல்லிக்கொடுத்ததைத் தன் வாயாலேயே புரட்டிப் போட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நிக்காதடா. புரியுதோ புரியலையோ, ஓடிடு." பெண் தலையை ஆட்டினாள். மாடிக்காரர்களின் புத்தி தனக்கும் தொற்றிக்கொண்டதே என்று அரை டீச்சருக்கு நாக்கு கசந்தது.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் முடித்த பிறகு கடைசியாக இவளைக் கூப்பிட்டார்கள். தேர்வுத் தாள் வெளியே கசியக் கூடாது என்று தலைமையாசிரியர் யாரையும் நம்பாமல், வீட்டில் தானே உட்கார்ந்து தைத்த தாள்கள். ஒரு பெரியவர் ஆற்றைக் கடந்து தங்கைக்கு மருந்து கொண்டுபோகிற கதை. பெண் முதல் தாளை முடித்தாள். பெரியவர் கரையில் படகுக்காகக் காத்திருந்தார். இரண்டாம் தாளில் இரண்டு வரி படித்தாள். நின்றாள். விரல் மேஜைமேல் எதையோ தேடியது.

"நிக்காத, படி," என்றார் தலைமையாசிரியர், ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடியே.

"சார், இவர் இன்னும் படகுல ஏறவே இல்ல. அதுக்குள்ள தங்கச்சி வீட்டுல மருந்து குடுத்துட்டு இருக்காரு."

அதிகாரி சிரித்துவிட்டு, வார்த்தையை மட்டும் படித்தால் போதும் என்றார். பெண்ணோடு அப்போதுதான் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அரை டீச்சர் எழுந்து வந்து, கேட்காமலே தாளைக் கையில் எடுத்துப் புரட்டினாள். மூன்றாம் தாளை இரண்டாவதாக வைத்துத் தைத்திருந்தது. மற்ற பிரதிகளையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படியே.

இருபத்தெட்டுப் பிள்ளைகள் கடகடவென்று படித்துக் கைதட்டு வாங்கிப் போயிருந்தார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் காலையிலிருந்து இருபத்தெட்டு முறை அதைக் காதால் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அடுக்கடுக்காகப் பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம்?

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். தலைமையாசிரியர் ஆபீஸ் பையனைத் திட்ட வாயெடுத்தார். தைத்தது தானே என்று நினைவு வந்து மூடிக்கொண்டார். பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பெண் அதற்குள் தாளைப் புரட்டி, இடம் மாறிப்போன படகுப் பக்கத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் மேலே போனால் இருபத்தெட்டுப் பேருக்கும் மறுதேர்வு, காரணம் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்தபோது தலைமையாசிரியரின் குரல் குழைந்திருந்தது.

"பொண்ணு இங்கேயே படிக்கட்டும்மா. இந்தத் தாள் விஷயத்தை நீங்க பெருசு பண்ண வேண்டாம்."

பெண்ணின் புத்தியை மெச்சி அல்ல, தங்கள் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தத் தாராளம் என்று அரை டீச்சருக்குத் தெரியாதா? வாய்வரை வந்த நாலு வார்த்தையை விழுங்கினாள். இரண்டு பஸ் மிச்சம். "பொண்ணு இங்கேயே படிக்கலாம்னு எழுதிக் குடுங்க சார்," என்று மட்டும் சொன்னாள். எழுதிக் கொடுத்தார்கள். அதை வரிக்கு வரி நிறுத்தி, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வராந்தாவில் தகப்பன் பட்டறை உடுப்போடு நின்றிருந்தார். மகள் இங்கேயேதான் படிப்பாள் என்று கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு, எத்தனை வார்த்தை படித்தாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதை அவங்க எண்ணிக்கிட்டு இருக்கட்டும்ணே. அந்த ரூம்ல கதையைப் படிச்சது உங்க பொண்ணு ஒருத்திதான்."

அவருக்கு அது முழுதாக விளங்கவில்லை. மகளைப் பார்த்தார். அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, பெரியவர் படகில் ஏறியதிலிருந்து கதையைச் சரியான வரிசையில் சொல்லத் தொடங்கினாள்.