அரக்கன் திருப்பி அனுப்பிய இளவரசி

என் மகளுக்குக் கதை சொல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. அதனால்தான் அந்தக் கதை பிறந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் நாத்தனார் மீதிருந்த எரிச்சலில் பிறந்த கதை அது.

அவள் என் கணவரின் தங்கை. எண்ணூரில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல், ஒரு பையோடு திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் வண்டி வரிசையில் நிற்பதுதான் அதிகம். "இருந்துட்டுப் போவட்டும் வுடு" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறிவிட்டார். ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் அவளோடு மல்லுக்கட்ட வேண்டியவள் நான்.

அவள் குளிக்கப் போனால், லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம் பாதியாகிவிடும். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டுதான் வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு போனை நோண்டுவாள். நேராகக் கேட்டால் அக்கம்பக்கத்தில் என் பெயர்தான் நாறும். அதனால் கதைக்குள் புகுந்துகொண்டேன்.

ஏழு கடல், ஏழு மலை தாண்டி அரக்கன் தூக்கிப்போன இளவரசியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் அழுதுகொண்டே ராஜகுமாரனுக்காகக் காத்திருப்பாள். என் இளவரசி அப்படியில்லை. ஏழு கடல் தண்ணீரையும் ஒரே குளியலில் காலி செய்வாள். திமிங்கலத்திலும் நடுத்துண்டுதான் கேட்பாள். அரக்கன் களைத்து வந்தால், இறக்கையால் விசிறச் சொல்வாள். கடைசியில் அரக்கனே 'ஆளை விடு தாயே' என்று அவளைத் தூக்கி வந்து, அவள் அண்ணன் அரண்மனை வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிடுவான். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நாத்தனார் இன்று என்ன செய்தாளோ அதுவே நாளைய கதை.

கதை எழுதுகிற செயலி ஒன்றில் அதைத் தொடராகவும் ஏற்றினேன். 'இவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் படிக்காமல் இருக்க முடியவில்லை' என்று பின்னூட்டங்கள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கதையின் அழுமூஞ்சி இளவரசிக்கு நான்தான் உயிர் கொடுத்துவிட்டதாக நினைப்பு. யாருக்கும் பிடிக்காத ஒருத்தியைக் கதையின் நடுவில் உட்காரவைக்கத் துணிச்சல் வேண்டும் என்று ஒருவருக்குப் பதில் வேறு எழுதினேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. அவள் ஏன் அப்படியானாள் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

நாத்தனார் எல்லாக் கதையையும் காதில் வாங்கினாள். மகளோடு சேர்ந்து சிரித்தாள். அவளுக்குப் புரியவில்லை என்றே நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஒருநாள் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அண்ணி, அந்த அரக்கன் இன்னாத்துக்கு அவள திருப்பி இட்டாந்து வுட்டான்?"

"அவ ரோதன தாங்கல. அதான்."

"அவ இன்னா சொன்னா? அவள யாராச்சும் கேட்டாங்களா?"

"கதைக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றேன். அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். மறுநாள் குழம்பில் வால் துண்டை எடுத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். நடுத்துண்டை எடுத்துப் போட என் கை போகவில்லை.

அந்த மாதமே, மணலியில் ரசாயன ஆலைகளுக்கு நடுவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருப்பதாகவும் தங்குவதற்கு இடம் கொடுப்பதாகவும் சொன்னாள். "அங்க மூச்சு வுட முடியாது, நாத்தம் கொடலப் புடுங்கும். உனக்கு இங்க இன்னா கொற?" என்று கணவர் போனில் கத்தினார். "ஒண்ணும் இல்லண்ணா" என்றாள். எனக்குக் காரணம் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்புகிற அன்று மகள் அவள் மடியைவிட்டு இறங்கவில்லை. "அத்த, அந்த எளவரசி கதய நீ சொல்லு" என்றாள். நான் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி என்றொரு பிசாசு இப்போது கதைக்குள் வரப்போகிறது என்று நினைத்தேன். வரட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"அரக்கன் வூட்ல அந்தப் பொண்ணுக்கு குளிக்கக்கூட தண்ணி குடுக்கல" என்று ஆரம்பித்தாள். "மீன் ஆக்குனா முள்ளுதான். அதான் அண்ணன் வூட்டுக்கு வந்து எல்லாத்தயும் ஆச ஆசயா எடுத்துகிச்சு. கொஞ்சம் ஓவராத்தான் எடுத்துகிச்சு." மகள் சிரித்தாள். "ஆனா அங்க ஒரு அண்ணி இருந்தாங்க. ரொம்ப நல்லவங்க. மொகம் சுளிக்காம சோறு போட்டாங்க. அது கெளம்பறேன்னு சொன்னப்போ, போவாத, இங்கியே இருன்னு கையப் புட்ச்சிகினாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை. காத்திருந்தாள். நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் கிளம்பியிருக்க மாட்டாள். வாயைத் திறந்தேன்.

வாசலில் ஹாரன் கேட்டது.

"ஆட்டோ வந்துட்ச்சி" என்றேன்.