உப்பு மட்டும் என் வேலை

பெங்களூர்ப் பெரியப்பா புது ரொட்டி மெஷின் வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொடுத்தார். அவர் எதையும் குப்பையில் போடமாட்டார், எங்களுக்குக் கொடுத்துவிடுவார். பலமனேர் வழியாக வரும் பஸ்ஸில், நைனாவின் மடியில் உட்கார்ந்து அது சித்தூர் வந்து சேர்ந்தது. மாவு, தண்ணீர், ஈஸ்ட், சர்க்கரை, எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினால் போதும். அதுவே பிசைந்து, புளிக்கவைத்து, சுட்டும் கொடுத்துவிடும். அம்மா நம்பவில்லை. முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. நாலாவது பூப்போல வந்தது.

அந்த நாலாவதை அத்தை சாப்பிட்டுப் பார்த்தாள். அத்தை நைனாவின் அக்கா. எங்கள் சர்ச்சின் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. அம்மாவோ நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நைனாவை விரும்பிக் கட்டிக்கொண்டவள். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் முக்காடு போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்தாலும், அத்தை அவளிடம் "வந்தியா", "கெளம்பிட்டியா" என்பதற்கு மேல் பேசியதில்லை. அன்று மென்றுகொண்டே சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெழமை திருவிருந்துக்கு பேக்கரி ரொட்டி வேணாம். நீயே போட்டுக் குடு."

அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெஷினில் புகையே வராதே, எதற்குத் துடைக்கிறாள் என்று யோசித்தேன்.

ஞாயிறு விடிகாலையில் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷின் முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் அளந்து போட்டுவிட்டு, உப்பு ஸ்பூனை மட்டும் என் கையில் கொடுத்தாள். எனக்கு ஏழு வயது.

"இது உன் வேலை. போட்டுட்டு மூடிடு" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

மெஷின் மூடியில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. உள்ளே மாவு உருள்வதை அதன் வழியே பார்ப்பதற்கு எனக்கு அவ்வளவு அவசரம். ஸ்பூனை மேடைமேல் வைத்தேன், மூடினேன், பட்டனை அமுக்கினேன், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். ரொட்டி வாசனை வீடெல்லாம் பரவிய பிறகுதான் உப்போடு கிடந்த ஸ்பூன் கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் ஜாடியில் கொட்டிவிட்டேன்.

"கொஞ்சம் துன்னு பாரும்மா" என்றேன். அவளே கண்டுபிடித்துவிட்டால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை அல்லவா?

"சாமிக்குப் போறத நாம மொதல்ல துன்னலாமா? தப்புடி."

அவள் பிறந்த வீட்டில் படைக்காமல் எதையும் நாக்கில் வைக்கமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து எத்தனையோ மாற்றிக்கொண்டவள், இதை மட்டும் விடவில்லை. உப்பில்லாத ரொட்டி வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு சர்ச்சுக்குப் புறப்பட்டது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். போதகர் ரொட்டியைப் பிட்டபோது எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ஒவ்வொரு வரிசையாக எழுந்து முன்னால் போய் மண்டியிட்டு, ஆளுக்கொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நல்லவேளை, யாரும் துப்பவில்லை. அத்தை மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு திரும்பி வந்தாள். பெஞ்சில் நானும் அம்மாவும்தான் இருந்தோம். வளர்ந்த பிறகு சர்ச்சில் செய்யும் திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகளுக்கு அந்த ரொட்டி கிடையாது. என்னைத் தனியே விட மனமில்லாமல் அம்மா எப்போதும் என்னோடு உட்கார்ந்துவிடுவாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "உப்பு போடலியா?"

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் அண்ணி."

"துன்னு பாக்கக் கூடவா இல்ல?"

"சாமிக்குன்னு போட்டது… அதான்."

அத்தை, சரியாகவே இருந்த அம்மாவின் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். "அடுத்த மாசமும் நீதான் போடணும். உப்பைப் பாத்துக்கோ."

"இன்னாத்துக்கு இப்ப அழுதுகினு வர்ற?" என்று அம்மா வழியில் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. அதனால் இன்னும் அழுகை வந்தது. ஏதாவது ஈடு செய்ய வேண்டும்போல் இருந்தது.

"நான் பெரிசாயிட்டா நீ எனக்காக உக்கார வேணாம்மா. நீயும் முன்னால போய் துன்னலாம்."

அம்மா சிரித்தாள். என் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு மாதாமாதம் அவள்தான் ரொட்டி போட்டாள். எனக்குத் திடப்படுத்தல் ஆன ஞாயிறன்று முதல்முறையாக முன்னால் போய் மண்டியிட்டேன். எழுந்து திரும்பினால், எங்கள் பெஞ்சில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானம் எடுக்காத அவளுக்கு அந்த ரொட்டி என்றைக்கும் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருடமும் எனக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் குனிந்து, என் காதோடு கேட்டாள்:

"உப்பு சரியா இருந்துச்சாடி?"