கும்மிக்கு முதல் அடி

கோவளத்துல மீன் எடுத்தாந்து மேடவாக்கத்துல விக்கிற அங்காளம்மா கூவுனா மூணாவது மாடிக்குக் கேக்கும். அந்தத் தொண்டையக் கேட்டுத்தான் அப்பார்ட்மெண்ட் ஜெயஸ்ரீ பொங்கல் கும்மிக்குக் கூப்ட்டா. "அக்கா, முதல் அடிய நீங்க பாடுங்க, நாங்க திருப்பிப் பாடி அடிக்கிறோம்."

மொதல்ல வெளங்கல. "வஞ்சிரமேய்ய்"னு கூவுற மாதிரியே பாட்டையும் இழுத்தா, கை தட்ட எடமே இல்ல. அப்புறம் பொம்பளைங்க காலப் பாத்துப் பாத்து, கால் தூக்குறதுக்குள்ள அடுத்த அடிய எடுத்துக் குடுக்கக் கத்துக்கினா. ஒரு மாசம் ஆச்சு.

பொங்கலன்னிக்குப் புதுப்பொடவை கட்டிக்கினு வந்தா, ஜெயஸ்ரீ மைக்கைக் குடுத்து ஸ்கிரீனுக்குப் பின்னாடி போய் நிக்கச் சொல்லிக் கையக் காட்டுறா.

"அங்கருந்து கால் தெரியாதேம்மா. நான் வட்டத்துலதான் நிக்கணும்."

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இது சுமங்கலிங்க கும்மி. உங்களுக்கு வீட்டுக்காரர் இல்லல்ல? குரல் மட்டும் போதும்."

தூ! ஒரு மாசம் ஒத்திகையில கூட நின்னாளே, அப்போ அவ கழுத்து கண்ணுக்குத் தெரியலியா?

"ஏன், என் குரலுக்கு மட்டும் புருஷன் உசுரோட கீறானா?"ன்னு கேட்டு, மைக்கைத் தரையில வெச்சிட்டுப் போய்ட்டா அங்காளம்மா.

பட்டுப்பொடவையோட வட்டமா நின்னுச்சுங்க அத்தினியும். முதல் அடி எடுக்க ஒருத்திக்கும் துப்பில்ல.