புது உறுப்பினரை அனுப்பியது யார்

நெல்டா க்ரௌடர் அந்த வீட்டில் பதினேழு வருஷம் இருந்தாள். முதல் ஆறு வருஷம் அவளுக்கு வீட்டம்மா என்று பெயர். பிறகு சங்கத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, அன்றிலிருந்து அவள் வீட்டு நிர்வாகி. சமையலறைக்குப் பின்னால் அவள் குடியிருந்த இரண்டு அறையும் மாறவில்லை, மாடியில் அறுபத்திரண்டு பெண்கள் தலைமுடியைப் போட்டு அடைத்துவைக்கும் குளியலறைக் குழாயும் மாறவில்லை. பெண்கள் அந்தக் கடிதத்தைச் சட்டை செய்யாமல் நெல்டாம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அலபாமாவில் ஒரு பல்கலைக்கழக ஊரில் இருந்த மாணவிகள் சங்கத்தின் வீடு அது. வெள்ளைத் தூண்கள், நீலக் கதவு, கதவுக்கு மேலே மூன்று கிரேக்க எழுத்து. ஆகஸ்ட் மாத வெயிலில் புது மாணவிகள் கூட்டம் கூட்டமாக அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள், எந்தச் சங்கமாவது தங்களைச் சேர்த்துக்கொள்ளாதா என்று. ஊரில் அந்த வாரத்துக்கு ரஷ் என்று பெயர். தலைமையகம் அதை ஆள்சேர்ப்பு ஆக்கியது. ஒருத்தியை வேண்டாமென்று கழித்துக்கட்டினால் அவளை ‘விடுவித்தோம்’ என்று சொல்ல வேண்டுமாம்.

“விடுவிக்கிறாங்களாம்ல? அந்தப் பொண்ணு என்ன ஜெயில்லயா இருந்துச்சு?” என்று நெல்டா சமையல்காரரிடம் கேட்டாள். அவர் காலைப் பலகாரமான பிஸ்கட் ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு சிரித்தார்.

தேர்வானவளை முன்பெல்லாம் பிளெட்ஜ் என்பார்கள். சத்தியம் செய்துகொடுத்துவிட்டு முழு உறுப்பினராவதற்குக் காத்திருப்பவள், அதுவரை மூத்தவர்கள் ஏவியதையெல்லாம் செய்பவள். இப்படி ஏவி ஏவிப் பல ஊர்களில் பிள்ளைகள் அடிபட்டுச் செத்து, வழக்குக்கு மேல் வழக்காக வந்தபின் பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். யோசித்து அந்தச் சொல்லை ஒழித்தார்கள். இப்போது அவள் ‘புது உறுப்பினர்’. முதல் நாளிலிருந்தே எல்லா உரிமையும் அவளுக்கு உண்டு. பழைய சொற்கள் இடப்பக்கம், புதுச் சொற்கள் வலப்பக்கமாக அச்சடித்த ஒரு தாளை, கறை படாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு, சமையலறை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார்கள். பெயரை மாற்றினால் மாற்றிக்கொள்ளட்டும், அந்தப் பெண்கள் பார்க்கும் வேலையையும் மாற்றியிருக்க வேண்டாமா என்பதுதான் நெல்டாவின் ஆத்திரம். அந்தப் புது உறுப்பினர்கள்தான் இன்னமும் மூத்தவர்களின் துணியைத் துவைத்தார்கள், விருந்துக்குப் போனவர்களைக் காரில் கூட்டிவந்தார்கள்.

அவளும் ஒரு காலத்தில் பிளெட்ஜாக இருந்தவள்தான். 1972-இல், அதே தெருவில், வேறு வீட்டில். மூன்றாம் வாரம் ஒரு மூத்த மாணவி சோபாவில் படுத்தபடி, “ஏ பிளெட்ஜ், என் செருப்ப எடுத்துட்டு வா” என்றாள். நெல்டா செருப்பை எடுத்துவந்தாள். தன் சட்டையில் குத்தியிருந்த சங்கத்துப் பின்னைக் கழற்றிச் செருப்புக்குள் போட்டாள். அதை அந்த மூத்தவள் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அம்மா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அதன்பின் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து நிலையத்தில் எந்த டிரைவரை எந்த வண்டியில் அனுப்புவது என்று முடிவுசெய்யும் வேலை பார்த்தாள். தூங்காதவன் கையில் அவள் சாவி கொடுத்ததே இல்லை. கணவன் ஹாய்ட் இறந்தபிறகு வீட்டை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கால்பந்து ஆட்டம் நடக்கவிருந்த நாள். விடிகிற நேரத்தில் டெலியா ஸ்டோக்ஸ் என்ற பதினெட்டு வயதுப் புது உறுப்பினர் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் காரை வேலிக்கம்பத்தில் மோதினாள். கழுத்தெலும்பு முறிந்தது, இரண்டு பல் போயிற்று. பின்சீட்டில் சுடச்சுடப் பன்னிரண்டு சாஸேஜ் பிஸ்கட், இறைச்சி வைத்த ரொட்டி. அந்தக் கார், சங்கத் தலைவி லேண்ட்ரி ஆம்ஸ்டெட்டுடையது.

நெல்டா ஆஸ்பத்திரிக்குப் போனபோது டெலியா முதலில் கேட்டது, “லேண்ட்ரி கோவமா இருக்காளா?” என்றுதான்.

“அவ கெடக்கா. நீ எப்போ தூங்கின?”

“வியாழக்கிழமை கொஞ்சம் தூங்கினேன். நேத்து ராத்திரி பூரா எல்லாரையும் கூட்டிட்டு வந்து விட்டேன். அப்புறம் இது.” அவள் போனை நீட்டினாள். லேண்ட்ரியின் செய்தி அதில் இருந்தது: சாவி ஆணியில் இருக்கு, அந்தப் பாலத்துக் கடை பிஸ்கட் பன்னிரண்டு, ஏழு மணிக்குள்ள வந்துடு, லேட்டானா உங்க எல்லாருக்கும்தான் கஷ்டம்.

“நான்தான், நெல்டாம்மா, சரின்னு சொன்னேன்.”

“வேண்டாம்னு சொல்லிருக்க முடியுமா?”

டெலியா வீங்கிய உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். நெல்டா அந்தச் செய்தியைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, விபத்து அறிக்கைத் தாளில் ஒரே பத்தியில் எழுதி முடித்தாள். அதில் முக்கியமான வரி இது: ‘தூங்காத பிளெட்ஜை மூத்தவர்களுக்குக் காலை உணவு வாங்க அனுப்பினார்கள்.’

திங்கட்கிழமை காலை சங்கத்தின் ஆலோசகர் பாட்ரிஸ் வீம்ஸ் மாகாணத்தின் மறுகோடியிலிருந்து காரோட்டி வந்து இறங்கினாள். அந்த வீட்டின் பழைய மாணவி, ஐம்பத்தைந்து வயது, முத்துமாலை, வியர்க்காத முகம். கூடவே லேண்ட்ரி. சமையலறையில் இருந்த சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நெல்டா எழுதியதைப் படித்துவிட்டு வீம்ஸ் தானே வேறொரு அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். ‘புது உறுப்பினர் ஒருவர் சங்கத் தலைவியின் வாகனத்தை அனுமதியின்றி எடுத்துச் சென்று விபத்துக்குள்ளானார்.’ கீழே நெல்டா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் அது பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நெல்டா இரண்டு முறை படித்தாள். “அனுமதியில்லாமயா? அப்போ இந்தப் பொண்ணு கார் திருடியா?”

“திருட்டுன்னு யாரும் சொல்லலையே, மிஸஸ் க்ரௌடர்.”

“சொல்லாமயே காலேஜ விட்டு வெரட்டிருவாங்க. அதுக்குத்தான மேடம் இந்தத் தாளு?”

வீம்ஸ் பொறுமையாக விளக்கினாள். “நம்ம வீட்டுல பிளெட்ஜுன்னு யாருமே கெடையாது. அந்த முறைய எடுத்து ரொம்ப வருஷமாச்சு. புது உறுப்பினருக்கு எல்லா உரிமையும் இருக்கு. அவங்கள யாரும் ஏவ முடியாது. ஏவ முடியாதுன்னா, ஏவலன்னுதான அர்த்தம்?”

நெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படியும் ஒரு பூசிமெழுகலா என்று இருந்தது. “நல்லா இருக்கு மேடம். பிளெட்ஜுன்னு பேரு இருந்தவரைக்கும் நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது, தூக்கிப் போட்டுட்டு நடந்தேன். இந்தப் புள்ளைங்களுக்கு அந்த வழியும் இல்லாம பண்ணிட்டீங்க. எல்லா உரிமையும் இருக்கற ஒருத்தி எதுலேர்ந்து வெலகுவா?”

“நெல்டாம்மா, ப்ளீஸ்,” என்றாள் லேண்ட்ரி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. நெல்டாவுக்குப் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. “நீங்க எழுதினது போச்சுன்னா வீட்டயே மூடிருவாங்க. அறுபத்திரண்டு பேரு எங்க போவோம்?”

“டெலியா எங்க போவா?”

வீம்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலில் தேன் வந்தது, மிஸஸ் க்ரௌடர் போய் நெல்டாம்மா வந்தது. “இங்க பாருங்க நெல்டாம்மா. உங்களுக்கும் வயசாச்சு, இந்த வீட்ட விட்டா வேற எடம் இல்ல. நான் எறங்கி வரேன். நீங்க எழுதினதையே அனுப்புங்க, எனக்குப் பரவால்ல. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திடுங்க. பிளெட்ஜுன்னு இருந்தா தலைமையகத்துக்கும் பிரச்சனை, காலேஜுக்கும் பிரச்சனை. புது உறுப்பினர்னு போடுங்க. மத்தத அலுவலகத்துல நான் பேசிக்கறேன். நீங்க இருக்கறவரைக்கும் அந்த ரெண்டு ரூமு உங்களுக்குத்தான்.”

வீம்ஸ் பேசிக்கொள்வது எப்படி இருக்குமென்று நெல்டாவுக்குத் தெரியும். புது உறுப்பினர் என்ற சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால், ஏவ முடியாதவளை ஏவியிருக்க முடியாது என்ற அதே பாட்டை அங்கே போய்ப் பாடுவாள். வேலிக்கம்பமே நடந்துவந்து டெலியா மேல் மோதியது என்பதுவரை போய்விடும். அந்த இரண்டு அறையை நினைத்தபோது நெல்டாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. எழுபது வயதில் வாடகைக்கு இடம் தேடி அலைவது விளையாட்டில்லை. அவள் ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் அறிக்கையை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள்.

“ஒரு வார்த்தைதான?”

“ஒரே வார்த்தை,” என்றாள் வீம்ஸ்.

நெல்டா பிளெட்ஜ் என்ற சொல்லை அடித்தாள். மேலே ‘எல்லா உரிமையும் உள்ள புது உறுப்பினர்’ என்று எழுதினாள். வீம்ஸ் மூச்சு விட்டாள். ஆனால் பேனா நிற்கவில்லை. வரி முழுவதையும் அடித்துவிட்டுக் கீழே புதிதாக எழுதிக்கொண்டே போனாள். எழுதி முடித்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தாள்.

“தூங்காத, எல்லா உரிமையும் உள்ள புது உறுப்பினர் டெலியா ஸ்டோக்ஸை, அவரை ஏவ எந்த உரிமையும் இல்லாத லேண்ட்ரி ஆம்ஸ்டெட், தன் காரின் சாவியைக் கொடுத்துக் காலை உணவு வாங்கிவர அனுப்பினார். லேண்ட்ரி ஆம்ஸ்டெட் அனுப்பிய செய்தி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.”

வீம்ஸின் கை முத்துமாலைக்குப் போனது. “இது... மொதல்ல எழுதினதுல பேரே இல்லையே!”

“பிளெட்ஜ யாரு வேணா ஏவலாம். அதனால யாரு ஏவினாங்கன்னு எழுதணும்னு எனக்குத் தோணல. நீங்கதான் மேடம் விளக்கினீங்க. உரிமை உள்ளவள உரிமை இல்லாதவ அனுப்பினா, அது யாருன்னு எழுத வேண்டாமா?” கையெழுத்தைப் போட்டாள். தேதியையும் போட்டாள். “பொட்டி கட்ட எனக்கு சனிக்கிழமைவரைக்கும் டைம் குடுங்க. சாமான் அதிகமில்ல.”

மணி பதினொன்றே கால். அலுவலகம் தெருவைக் கடந்தால் நான்கு நிமிஷம். நெல்டா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். லேண்ட்ரி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள்.

“நெல்டாம்மா, என் பேர மட்டும் எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன். என் பேரு வேண்டாம்.”

நெல்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன் பேருக்கு என்ன புதுப் பேரு வச்சிருக்காங்க, சொல்லு கண்ணு. அதையே எழுதிடறேன்.”

லேண்ட்ரி விலகி நின்றாள். நெல்டா நீலக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.